வளைகாப்புக்கு முன்னாடியே பல் டாக்டரைப் பாருங்க! - கர்ப்பகால பல், ஈறு பராமரிப்பு கைடு

``பல்லா... அதெல்லாம் பிரசவம் முடிஞ்சு பார்த்துக்கலாம்.''

ஆறாம் மாசத்தில் இருந்த என் அக்காவிடம் மூன்று பேர் சொன்ன பதில் இது. முதலில் சொன்னது அக்காவின் மாமியார். அடுத்து, எதிர்வீட்டு ஆச்சி. மூன்றாவதாகச் சொன்னதுதான் ஆச்சர்யம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பல் கிளினிக்கிலேயே, ``மாசமா இருக்கீங்க... இப்போ எதுவும் பண்ண வேணாம், டெலிவரி முடிஞ்சு வாங்க'' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்தைய பல். கல்யாணத்துக்கு முன்பே சொத்தை இருந்தது அக்காவுக்கும் தெரியும். `வலிக்கும்போது பார்த்துக்கலாம்' என்று விட்டிருந்தாள். வலித்தபோது வயிற்றில் குழந்தை. கிராம்பைக் கடித்தாள், உப்புத் தண்ணியில் கொப்பளித்தாள், ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கமாகவே மென்று, அப்புறம் மெல்லவே முடியாமல், கஞ்சியும் மோரும்தான் சாப்பாடு. சரியாக மூன்றாவது வாரம் கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்தது. அன்று ராத்திரிதான் எல்லோரும் பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சையை ஆரம்பித்து, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். `கர்ப்பத்தில் செய்யவே கூடாது' என்று பயந்த எல்லாமே நடந்தது. அக்காவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று வாரம் பட்ட பாடு தேவையே இல்லாதது.

நீங்கள் கர்ப்பமாக இருக்கலாம். திட்டமிட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் மனைவியோ, தங்கையோ, தோழியோ கர்ப்பமாக இருக்கலாம். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப்போனால் போதும். கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை ஆபத்து இல்லை. சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரஷ் பண்ணினா ரத்தம் வருதே... ஏன்?

காலையில் பல் தேய்த்துவிட்டுத் துப்பினால் வாஷ்பேசினில் சிவப்பு. கர்ப்பிணிகள் பலரும் முதலில் கவனிப்பது இதைத்தான். பயப்பட வேண்டாம், நீங்கள் மட்டும் இல்லை. கர்ப்பிணிகளில் 60 முதல் 75 சதவிகிதம் பேருக்கு ஈறு அழற்சி இருப்பதாகச் சொல்கிறது, அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம்.

காரணம், ஹார்மோன்கள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜென், புரொஜெஸ்ட்டிரோன் இரண்டும் எக்கச்சக்கமாக உயரும். அதனால் ஈறுகளுக்குப் பாயும் ரத்தம் அதிகமாகும். ஈறு லேசாக உப்பி, மென்மையாகிவிடும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் படிகிற வழவழப்பான அழுக்குப் படலத்தில் பாக்டீரியாக்கள் எப்போதும் இருக்கும். சாதாரண நாளில் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஈறு, இப்போது அதே அழுக்குக்குச் சிவந்து, வீங்கி, ரத்தம் கசிந்து பதில் சொல்லும். பொதுவாக இரண்டாம் மாசம் வாக்கில் ஆரம்பித்து, எட்டாம் மாசத்தில் உச்சத்துக்குப் போய், பிரசவத்துக்குப் பிறகு குறையும்.

இங்கே பலரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. ரத்தம் வருகிறதே என்று பிரஷ் பண்ணுவதைக் குறைப்பது. சிலர் பிரஷை ஓரம்கட்டிவிட்டு விரலால் மட்டும் தேய்ப்பார்கள். அப்படிச் செய்தால் அழுக்கு இன்னும் சேரும், ரத்தம் இன்னும் அதிகமாகும். ஹார்மோனை நாம் மாற்ற முடியாது. அழுக்கை எடுக்க முடியும். அதனால் மென்மையான சாஃப்ட் பிரஷை ஈறு ஓரத்தில் லேசாகச் சாய்த்து, அழுத்தாமல், தினம் இரண்டு வேளை தேய்ங்க. ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைவதை நீங்களே பார்க்கலாம். குறையவில்லை என்றால், பிரஷுக்கு அசையாத காரை படிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பல் டாக்டர்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

சிலருக்கு இரண்டு பற்களுக்கு நடுவே ஈறில் சிவப்பாக ஒரு குட்டிக் கட்டி வரும். தொட்டாலே ரத்தம் கசியும். கூகுளில் தேடினால் நீங்கள் பயந்துபோகிற மாதிரியான பதில்களும் வரும். தேடாதீங்க. பெரும்பாலும் இது கர்ப்ப காலத்தில் வருகிற சாதாரணக் கட்டி, புற்றுநோய் கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். ஆனாலும் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டி, அதுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மெல்ல முடியாத அளவுக்குத் தொந்தரவு கொடுத்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ அதை எடுத்துவிடுவார்கள்.

`ஒரு பிள்ளைக்கு ஒரு பல்' - உண்மையா?

``ஒவ்வொரு பிள்ளை பெத்தப்பவும் ஒரு பல்லு போச்சு'' என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குழந்தை வளர்வதற்கு அம்மாவின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. 

உண்மையில் குழந்தைக்குத் தேவையான கால்சியம் நீங்கள் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து போகிறது. அது போதவில்லை என்றால் உங்கள் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பல்லிலிருந்து எடுப்பதில்லை. ஒருமுறை முளைத்துவிட்ட பல்லின் கால்சியத்தை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

அப்படியானால் பாட்டிக்கு ஏன் பல் போனது? வாந்தி, அடிக்கடி சாப்பிட்டது, வீங்கிய ஈறு, சரியாகத் தேய்க்க முடியாத வாய், `பிரசவம் முடிஞ்சு பார்த்துக்கலாம்' என்று விட்டது... எல்லாம் சேர்ந்துதான். பாட்டி சொன்ன கணக்கு சரி, காரணம்தான் வேறு. அந்தக் காரணங்கள் எல்லாமே இன்றைக்கு நம்மால் தடுக்கக்கூடியவை.

அதற்காக, டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் எலும்புக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் தேவை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பால்பற்கள் உருவாகத் தொடங்குவது சுமார் ஆறாவது வாரத்திலேயே. நான்காம் மாசம் வாக்கில் அவை கெட்டிப்பட ஆரம்பிக்கும். பிறந்து ஆறு மாசம் கழித்து எட்டிப்பார்க்கப்போகும் பல்லுக்கு, அடித்தளம் இப்போதே போடப்படுகிறது.

வாந்தி எடுத்ததும் பிரஷ் பண்ணாதீங்க!

இது நிறைய பேருக்குப் புதுத் தகவலாக இருக்கும். மசக்கை வாந்தி எடுத்ததும் வாய் கசக்கும், நாறும். உடனே பிரஷையும் பேஸ்ட்டையும் எடுப்போம். அதைத்தான் செய்யக்கூடாது.

வாந்தியோடு வருவது வயிற்றின் அமிலம். அது பல்லின் மேல்பூச்சான எனாமலைச் சில நிமிடங்களுக்கு மென்மையாக்கிவிடும். அந்த நேரத்தில் பிரஷால் தேய்த்தால் எனாமலையும் சேர்த்துத் தேய்த்து எடுக்கிறோம். எனாமல் திரும்ப வளராது. பிறகு ஜில்லென்று தண்ணீர் குடித்தால் கூச்சம், சூடாக ரசம் குடித்தால் கூச்சம் என்று வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

என்ன செய்யலாம்?

* முதலில் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துத் துப்புங்கள்.

* ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்தால், அமிலம் முறிந்துவிடும். விழுங்க வேண்டாம், துப்பிவிடுங்கள். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, ஆப்ப சோடா வேறு. மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

* பிரஷ் பண்ணுவதற்கு ஒரு மணி நேரம் காத்திருங்கள். எச்சில் ஊறி, எனாமல் பழையபடி கெட்டிப்பட அந்த நேரம் தேவை.

* எழுந்திருக்கவே முடியாத அளவுக்கு, தண்ணீர்கூடத் தங்காத அளவுக்கு வாந்தி இருந்தால் பல்லைப் பற்றிய கவலை அப்புறம். உடனே மகப்பேறு டாக்டரைப் பாருங்கள்.

பிரஷை வாயில் வெச்சாலே குமட்டுதா?

நம் வீடுகளில் பல் தேய்க்காமல் பச்சைத் தண்ணிகூட குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அதுதான் சிக்கல். வெறும் வயிற்றில், தூங்கி எழுந்த உடனே, பேஸ்ட் வாசனையோடு பிரஷை உள்ளே விட்டால் குமட்டாமல் என்ன செய்யும்? இந்த ஒன்பது மாதங்களுக்கு அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கலாம். மாமியார் கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்!

எழுந்ததும் வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு, ரெண்டு ரஸ்க்கோ, கொஞ்சம் பொரியோ சாப்பிடுங்கள். குமட்டல் அடங்கியதும், காலை உணவுக்குப் பிறகு சிறிது நேரம் விட்டு, பத்து மணிக்குக்கூட நிதானமாகப் பல் தேய்க்கலாம். தலையை அண்ணாந்து வைக்காமல் முன்பக்கமாகக் குனிந்து தேய்த்தால் குமட்டல் குறையும். குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். கடைவாய்ப் பல்லுக்குப் போகும்போது தொண்டையை உறுத்தாது. புதினாக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரம் குறைந்த பேஸ்ட்டுக்கு மாறுங்கள். அதில் ஃபுளூரைடு இருக்கிறதா என்று மட்டும் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாத நாளில் பேஸ்ட்டே இல்லாமல் வெறும் பிரஷால் தேய்த்தாலும் சரிதான். எதுவுமே செய்யாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ராத்திரிப் பல் தேய்ப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறையும். கிருமிகளுக்கு அதுதான் கொண்டாட்டமான நேரம். இரண்டு நிமிடம் போதும், ஒரு ரீல்ஸ் பார்க்கிற நேரத்தைவிட கொஞ்சம்தான் அதிகம். கரி, உப்பு, செங்கல்பொடி, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். ஆயில் புல்லிங் பிடிக்கும் என்றால் செய்துகொள்ளுங்கள். ஆனால் அது பிரஷுக்கு மாற்று கிடையாது.

மாங்காய், புளி, ஸ்வீட்... சாப்பிடலாமா?

சாப்பிடுங்கள். மசக்கையில் இருப்பவளிடம் மாங்காயைப் பிடுங்குகிற பாவத்தை யார் செய்வது? ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்கணும்.

முதலாவது, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்போ மாவுச்சத்தோ உள்ளே போகும்போதும், வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக மாற்றும். கர்ப்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடச் சொல்வார்கள். அது சரிதான். அதனால் நடுவில் கொறிப்பதற்கு பிஸ்கட்டுக்கும் முறுக்குக்கும் பதிலாக வேர்க்கடலை, சுண்டல், வேகவைத்த முட்டை, தயிர், கேரட், கொய்யா என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்வீட் சாப்பிடணும்னு தோணினால், சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஒரு மைசூர்பாகை மத்தியானம் முழுக்க கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவதுதான் பல்லுக்குக் கெடுதல்.

இரண்டாவது, மாங்காய், நெல்லிக்காய், புளி, எலுமிச்சை ஜூஸ் எல்லாமே அமிலம். சாப்பிட்டதும் தண்ணீரில் கொப்பளியுங்கள். வாந்திக்குச் சொன்ன அதே விதிதான், உடனே பிரஷ் வேண்டாம். இரும்புச்சத்து டானிக் குடிப்பவர்கள் ஸ்ட்ரா போட்டுக் குடித்துவிட்டு வாயைக் கொப்பளித்தால், பல்லில் கறை படிவதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, சாம்பல், விபூதி, சாக்பீஸ், பச்சரிசி, மண் ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவது. `மாசமா இருந்தா அப்படித்தான்' என்று சிரித்துக் கடந்துவிடுவார்கள். இது பல நேரங்களில் ரத்தசோகைக்கான அறிகுறி. பல்லும் தேயும், பச்சரிசி கடித்துப் பல் உடைந்தவர்களும் உண்டு. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி, ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாசத்தில் பல் டாக்டரைப் பார்க்கலாம்?

கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறீர்களா? இப்போதே போய் சொத்தையை அடைத்து, பற்களைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். என் அக்கா செய்யாமல் விட்டது இதைத்தான்.

கர்ப்பம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதா? பல் டாக்டரிடம் ஒருமுறை வாயைக் காட்டிவிடுங்கள். எந்த மாசமாக இருந்தாலும் பரிசோதனை செய்யலாம், சுத்தம் செய்யலாம், அவசர சிகிச்சையும் எடுக்கலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2013-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முதல் மூன்று மாதங்களில் வாந்தியும் அசதியும் இருப்பதால் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருப்பது கஷ்டம். கடைசி மூன்று மாதங்களில் வயிறு பெரிதாகி, சாய்ந்து படுப்பது கஷ்டம். அதனால் சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளுக்கு நான்காம் மாசத்திலிருந்து ஆறாம் மாசம் வரை வசதியான காலம். நம் வீடுகளில் வளைகாப்பு பெரும்பாலும் ஏழாம் மாசம், சில குடும்பங்களில் ஐந்தாம் மாசம். வளைகாப்புக்கு நாள் பார்க்கிற பேச்சு ஆரம்பிக்கும்போதே, பல் டாக்டருக்கும் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். ஏழு வகை சாதத்தையும் இரண்டு பக்கமும் மென்று சாப்பிடலாம்!

பற்களை வெள்ளையாக்கும் பிளீச்சிங் போன்ற அழகு சிகிச்சைகளை மட்டும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவசரமில்லாத எதையும் தள்ளிவைக்கலாம். வலி, வீக்கம், சீழ் ஆகியவை தள்ளிவைக்கக்கூடியவை அல்ல.

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, எத்தனையாவது வாரம், என்னென்ன மாத்திரைகள், பி.பி, சுகர் இருக்கிறதா, ஏதாவது அலர்ஜி உண்டா என்பதைச் சொல்லிவிடுங்கள். மகப்பேறு டாக்டரின் ஃபைலையும் கையோடு எடுத்துப்போங்கள். ஐந்தாம் மாசத்துக்கு மேல் முழுக்க மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். அதற்கு வலது இடுப்புக்குக் கீழே ஒரு சின்னத் தலையணையோ, மடித்த துண்டோ வைத்து, லேசாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டால் போதும். ஒருமாதிரி இருந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி... குழந்தைக்கு ஆகுமா?

பல் எக்ஸ்ரேயில் கதிர்வீச்சின் அளவு மிகமிகக் குறைவு. கதிர் போவதும் தாடையை நோக்கித்தான், வயிற்றை நோக்கி இல்லை. தேவைப்பட்டால் எந்த மாசத்திலும் எடுக்கலாம். அவசியமில்லாமல் எடுக்க மாட்டார்கள்.

மரத்துப்போவதற்குப் போடும் லிக்னோகெய்ன் ஊசி, உங்களை மயக்கப்படுத்துவதில்லை. அந்த இடத்தை மட்டும் உணர்வில்லாமல் ஆக்கும். கர்ப்பிணிகளுக்கு இது பாதுகாப்பானது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஊசி இல்லாமல் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதுதான் உடம்புக்கு அதிக அழுத்தம் தரும்.

`பல்லைப் பிடுங்கினா கரு கலைஞ்சிடும்', `குறைமாசத்துல பிறந்துடும்' என்ற பயம்தான் நம் ஊரில் பெரியது. இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, 2006-ல் அமெரிக்காவில் வெளியானது. ஈறு நோய் இருந்த 823 கர்ப்பிணிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 21-வது வாரத்துக்குள் ஈறு சிகிச்சை கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தார்கள். முடிவு? கர்ப்பத்திலேயே சிகிச்சை எடுத்தவர்களுக்குக் குறைப்பிரசவம் அதிகமாகவில்லை. ஈறு நோய் நன்றாகக் குறைந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. சிகிச்சை எடுத்ததால் குறைப்பிரசவம் குறையவும் இல்லை. மோசமான ஈறு நோய் உள்ளவர்களுக்குக் குறைப்பிரசவமும், எடை குறைந்த குழந்தைகளும் அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. எனவே, `ஈறில் ரத்தம் வந்தால் குழந்தைக்கு ஆபத்து' என்று மிரட்டும் வீடியோக்களைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். வலி இல்லாமல் சாப்பிடவும், தூங்கவும், தொற்று பரவாமல் இருக்கவும் சிகிச்சை எடுங்கள். அந்தக் காரணங்களே போதும்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை... உஷார்!

இந்தப் பகுதியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை வாங்க ஓடப்போவது அவர்கள்தான்.

`பல்வலிக்கு மாத்திரை கொடுங்க' என்று கேட்டால், பல மருந்துக்கடைகளில் இரண்டு மூன்று மாத்திரைகளைக் கவரில் போட்டுத் தருவார்கள். அதில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகள் இருக்க வாய்ப்பு அதிகம். இவை பாராசிட்டமாலோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வரும் என்பதால், `பாராசிட்டமால்தானே' என்று ஏமாந்துவிடுவோம். இந்த வகை மருந்துகளை 20 வாரத்துக்குப் பிறகு எடுத்தால், குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பனிக்குட நீர் குறையலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் எச்சரித்தது. கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்துக்கு அருகிலுள்ள முக்கியமான ரத்தக்குழாய், முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

டாக்ஸிசைக்ளின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகளும் கூடாது. பிறக்கப்போகும் குழந்தையின் பற்களில் நிரந்தரக் கறையை ஏற்படுத்தும்.

வலிக்குப் பொதுவாக டாக்டர்கள் முதலில் பரிந்துரைப்பது, வேறு எதுவும் கலக்காத பாராசிட்டமால். தொற்று இருந்தால் அமாக்சிசிலின் போன்ற, கர்ப்பத்தில் நீண்டகாலமாகப் பயன்படுத்தப்படும் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். இரண்டையுமே டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரைக்கும்தான் எடுக்கணும். மாத்திரை வலியைத்தான் அடக்கும், சொத்தையை அல்ல. வலி போனதும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் பண்ணாதீங்க.

கிராம்பு எண்ணெயை நேரடியாக ஊற்றினால் ஈறு வெந்து புண்ணாகிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லில் வைத்துக் கடிப்பதும் அதே மாதிரிதான். டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதும், கன்னத்துக்கு வெளிப்பக்கம் ஐஸ் ஒத்தடம் கொடுப்பதும் பாதுகாப்பானவை.

இதெல்லாம் இருந்தால் காலை வரைக்கும் காத்திருக்காதீங்க

* கன்னமோ, தாடையோ, கழுத்தோ வீங்குவது

* பல்வலியோடு காய்ச்சல்

* வாயை முழுதாகத் திறக்க முடியாதது

* எச்சில் விழுங்கவோ, மூச்சுவிடவோ சிரமம்

இவை, தொற்று பல்லைத் தாண்டிப் பரவுகிறது என்பதற்கான அறிகுறிகள். ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். முகம் முழுக்க வீங்கி, கடுமையான தலைவலியும் கண் மங்கலும் இருந்தால் அது பல் பிரச்னை இல்லாமல், ரத்த அழுத்தப் பிரச்னையாக இருக்கலாம். அப்போது மகப்பேறு டாக்டரிடம் உடனே போகணும்.

சுகர் இருக்கிறவர்களுக்கு

கர்ப்பகால சர்க்கரை நோய் இருந்தால் ஈறில் கூடுதல் கவனம் தேவை. சுகர் ஏறினால் ஈறு நோய் மோசமாகும்; ஈறில் தொற்று இருந்தால் சுகரைக் கட்டுக்குள் வைப்பது சிரமமாகும். இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். சுகர் டெஸ்ட் முடிவு அதிகமாக வந்தால், டயட் சார்ட்டோடு சேர்த்து பல் பரிசோதனையையும் உங்கள் லிஸ்ட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிக் கவலையா?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016-லிருந்து இருக்கிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்குப் போகும் அன்றே, ``பல்லையும் காட்டணும், எங்கே போகணும்?'' என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

தனியார் கிளினிக்கில் `டெலிவரிக்கு அப்புறம் வாங்க' என்று சொன்னால், தயங்காமல் இன்னொரு பல் டாக்டரைப் பாருங்கள். முடிந்தால் உங்கள் மகப்பேறு டாக்டரிடம், `பல் சிகிச்சை எடுக்கலாம்' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அந்த ஒரு வரி, பல் டாக்டரின் தயக்கத்தையும், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பயத்தையும் சேர்த்தே குறைக்கும்.

குழந்தை பிறந்த பிறகு...

பச்சை உடம்பு என்று சொல்லி, பல்லை மறுபடி மறந்துவிடக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கும்போதும் பல் சிகிச்சை எடுக்கலாம்; மரத்துப்போகும் ஊசிக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

பிறக்கும் குழந்தையின் வாயில் சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் கிடையாது. அவை பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களின் எச்சில் வழியாகத்தான் போகின்றன. பெரும்பாலும் அம்மாவிடமிருந்து. ஸ்பூனை நம் வாயில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு ஊட்டுவது, கீழே விழுந்த நிப்பிளை நாம் சப்பிச் சுத்தம் செய்வது எல்லாம் அன்பில் செய்வதுதான். சூடு பார்க்கப் புறங்கை போதும். உங்கள் வாய் ஆரோக்கியமாக இருந்தால், குழந்தைக்குப் போகிற கிருமியும் குறையும். அப்பாக்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இது பொருந்தும். பால் குடித்த பிறகு ஈரத்துணியால் குழந்தையின் ஈறைத் துடைத்துவிடுங்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அக்கா மகளுக்கு இப்போது இரண்டு வயது. அம்மா பல் தேய்த்தால் தானும் ஒரு குட்டி பிரஷோடு வந்து நின்றுவிடுவாள். போன மாசம் அக்காவின் நாத்தனார் மாசமாக இருக்கிறாள் என்று செய்தி வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு அக்கா கேட்ட அடுத்த கேள்வி, ``சொத்தைப் பல்லு ஏதாச்சும் இருக்கா?'' என்பதுதான்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமியார், ``ஆமாம்மா, முதல்ல அதைப் போய்க் காட்டிட்டு வந்துடு. இவ பட்ட பாடு போதும்'' என்றார்.